கிண்ணத்திலிருந்து பீடருக்கு: கூண்டுப் பறவைகளைப் பழக்கும் முழு முறை

தரையில் கிண்ணம் வைத்துத் தினை போட்டு வளர்ப்பவர்கள் ஒரு கட்டத்தில் பீடருக்கு, அதாவது தீனி மேலிருந்து தானாக இறங்கும் பெட்டிக்கு, மாற நினைப்பார்கள். தீனியில் எச்சம் விழுகிறது, இரவில் எலி வருகிறது, உமியோடு சேர்த்து நல்ல தினையையும் கொட்ட வேண்டியிருக்கிறது. காரணங்கள் எல்லாம் சரிதான். மாறும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலையில் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பீடரை மாட்டிவிடுவார்கள். கேட்டால், “பசித்தால் தானாகத் தின்னும்” என்பார்கள்.

ஆடு, மாடு பசித்தால் தின்னும். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜியோ, நிரம்பிய பீடருக்கு ஓரடி தள்ளி உட்கார்ந்து பட்டினி கிடக்கும். தினையை அதற்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது தினைதான் என்று தெரியாது. ஃபிஞ்சு போன்ற சிறு பறவை ஒரு நாள் முழுதும் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து.

ஆகவே இடம், பாத்திரம், தீனி மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் இடம், அது பழகிய பிறகு பாத்திரம். பழக்கும் காலம் முழுவதும் தீனி பழையதாகவே இருக்கட்டும். கீழே சொல்லும் வரிசை முழுக்க இதை ஒட்டியதுதான்.

1. பறவைக்கு ஏற்ற பீடரா என்று முதலில் பாருங்கள்

பெட்டி வகைப் பீடர் பட்ஜிக்கும் ஃபிஞ்சுக்கும் பொருந்தும். கொண்டை வைத்த கிளி இனமான காக்டெயிலுக்கு வாய் அகலமானது வேண்டும். தலையை உள்ளே விட்டுத் தின்னும்போது சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத இடத்தில் அது நிம்மதியாகத் தின்னாது.

டைமண்ட் டவ் வைத்திருந்தால், அதற்குத் தரையில் ஒரு தட்டு நிரந்தரமாக இருக்க வேண்டும். புறா இனம் தரையில் நடந்து பொறுக்கித் தின்னும். பீடரின் மெல்லிய குச்சியில் தொற்றிக்கொண்டு தின்னும் வேலை அதற்கு ஒத்து வராது. எல்லாப் பறவையும் ஒரே பீடருக்கு வந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் நமக்குத்தான். பறவைகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

பல்லடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைப் பீடர்கள் எளிதாகக் கிடைக்கின்றன. மலிவு என்று வாங்கி மாட்டாதீர்கள். அவை கோழித் தீவனத்துக்கான இடைவெளி விட்டுச் செய்யப்பட்டவை. தினையைப் போட்டால் ஒரேயடியாகச் சரிந்து தட்டை நிரப்பிவிடும். பட்ஜிகள் அந்தத் தட்டிலேயே ஏறி உட்கார்ந்து எச்சமிடும். எதற்காகக் கிண்ணத்தை விட்டோமோ, அதே தொல்லை.

பிவிசி குழாயில் துளை போட்டு நீங்களே செய்வதானால் துளை அளவில் கவனம் தேவை. பறவையின் தலை தாராளமாகப் போய் வர வேண்டும், அல்லது நுழையவே கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில்தான் தலை சிக்கும். விளிம்பை அரத்தால் ராவி, விரலை ஓட்டிப் பாருங்கள்.

2. காலம் பார்த்துத் தொடங்குங்கள்

ஆடியில் தொடங்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொங்கும் பீடர் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் புதுப் பொருளைக் கண்டால் பறவை கிட்டவே வராது. ஒருமுறை மிரண்டுவிட்டால், காற்று நின்ற பிறகும் அந்தப் பீடரை அது நம்பாது.

சித்திரை வெயிலிலும் வேண்டாம். வெக்கையில் பறவை வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு, தின்பதையே குறைத்துவிடும். பீடருக்குப் பயந்து தின்னவில்லையா, வெயிலால் தின்னவில்லையா என்று உங்களால் பிரித்தறிய முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தீனி ஈரம் பிடித்துப் பீடரின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தையும் மாசியும்தான் நம் பக்கத்துக்கு வசதியான மாதங்கள்.

கூண்டில் குஞ்சு இருக்கும்போது இந்த வேலையை எடுக்கவே கூடாது. தாய் தயங்கித் தயங்கி அரை வயிறு தின்றாலும் அது சமாளித்துக்கொள்ளும். அதன் வாயிலிருந்து தீனி வாங்கும் குஞ்சு சமாளிக்காது. இறகு உதிர்க்கும் பறவை, மருந்தில் இருக்கும் பறவை, போன வாரம் வாங்கி வந்த பறவை இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஒரே மாதிரியான இரண்டு பீடர்கள். ஒன்று போதுமென்று தோன்றும். ஒன்று மட்டும் இருந்தால், கூட்டத்தில் மூத்த ஜோடி அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். விரட்டப்பட்ட பறவைக்குப் பீடர் என்றாலே அடி விழும் இடம் என்று பதிந்துவிடும்.

கிராம் கணக்கில் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. பட்ஜி பொதுவாக 30 முதல் 40 கிராம் இருக்கும். காக்டெயில் 80 முதல் 100 கிராம். தொடங்கும் முன்பே எடை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இறகு உப்பியிருந்தால் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. வரிக்குதிரை ஃபிஞ்சு 12 கிராம் அளவுதான். அதை அடிக்கடி பிடித்து எடை போடுவதே அதற்குத் தொல்லை. ஃபிஞ்சுகளை எச்சத்தையும் நடமாட்டத்தையும் பார்த்துக் கணியுங்கள்.

கூட்டத்தில் ஒன்றுபோல் இருக்கும் பறவைகளுக்குக் கால் வளையம், ஒரு நோட்டு, கட்டுக்கம்பி, இரண்டு மூன்று செங்கல், ஒரு சிறு பலகை. இவ்வளவு போதும்.

4. பீடரை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்

பிளாஸ்டிக் பீடர் என்றால் சோப்பு நீரில் கழுவி, வாடை போக வெயிலில் காயவையுங்கள். தகரப் பட்டறையில் செய்து வாங்கினால், பற்றவைத்த இடத்தில் ஈயம் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வேண்டாம். கிளி இனம் எதையும் அலகால் கடித்துச் சுரண்டும். ஈயமும், புதிய ஜிஐ தகட்டின் துத்தநாகப் பூச்சும் உடலில் சேர்ந்தால் நஞ்சு. புதுத் தகட்டில் வெள்ளைத் தூள் தெரிந்தால் வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

அடுத்து, தீனி சரியாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தினையை முறத்தில் புடைத்துத் தூசி நீக்கிப் பீடரை நிரப்புங்கள். விரலால் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுங்கள். தட்டக்கூடத் தேவையில்லாமல் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்தப் பீடர் உங்கள் தீனிக்குச் சரிப்படாது. சூரியகாந்தி விதை கலந்த தீனியில் இந்தச் சிக்கல் அதிகம். பெரிய விதை தொண்டையில் குறுக்கே விழுந்து சிறு விதையைத் தடுத்துவிடும். அப்படிப்பட்ட கலவைக்கு இடைவெளியைக் கூட்டிவைக்கும் வசதியுள்ள பீடர் வேண்டும்.

5. முதலில் நகர வேண்டியது கிண்ணம்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இது. தரையில் தின்று பழகிய பறவைக்கு, நெஞ்சுயரத்தில் தொங்கும் பீடர் இரண்டு மடங்கு புதிது: இடமும் புதிது, பொருளும் புதிது. பட்ஜி தன் சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் தரையிலும் தரையை ஒட்டிய புல்லிலும் விதை பொறுக்குவது. தின்பதற்கு மேலே போக வேண்டும் என்பது அதற்கு இயல்பாகத் தோன்றாது.

எனவே பீடரை ஓரமாக வைத்துவிட்டு, பழைய கிண்ணத்தை நகர்த்துங்கள். பீடர் எங்கே வரப்போகிறதோ அந்த இடத்துக்கு நேர் கீழே, தரையில் முதலில் வையுங்கள். பறவைகள் அங்கே வந்து தின்ற பிறகு ஒரு செங்கல் மேல் ஏற்றுங்கள். அதிலும் தின்றால் இன்னொரு செங்கல். இரண்டு, மூன்று செங்கலுக்குப் பிறகு கம்பி வலையில் பலகையைக் கட்டி, கிண்ணத்தை அதன்மேல் வைத்துப் படிப்படியாக உயர்த்தலாம்.

ஒவ்வொரு உயரத்திலும் எல்லாப் பறவையும் வந்து தின்றதைப் பார்த்த பிறகே அடுத்த உயரம். ஏதாவது ஒன்று தரையிலேயே தேடிக்கொண்டிருந்தால், ஒரு செங்கல் இறக்குங்கள். நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஏற்றாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று விஷயம் போதும். மேலே உட்காரும் குச்சி இருக்கக் கூடாது. இருந்தால் எச்சம் விழும். இருட்டு மூலையாக இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பறந்து தப்ப வழி தெரிந்தால்தான் பறவை துணிந்து இறங்கும். கூண்டுக்கு வெளியே நின்றே உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னால் வரும் கண்காணிப்பு வேலைக்கு அது அவசியம்.

பலகைக்குப் பக்கத்தில், பறவைகள் ஏற்கெனவே உட்கார்ந்து பழகிய கொய்யாக் குச்சியையோ வேப்பங்குச்சியையோ பிடுங்கி வந்து கட்டுங்கள். புதுக் குச்சி வேண்டாம். கால் வைக்கும் இடமாவது தெரிந்ததாக இருக்கட்டும்.

6. காலிப் பீடரைக் கண்ணுக்குப் பழக்குங்கள்

கிண்ணம் பலகையில் நிலைத்த பிறகுதான் பீடர் வருகிறது. அதுவும் முதலில் கூண்டுக்கு வெளியே. வலையிலிருந்து சற்றுத் தள்ளி ஸ்டூலில் வையுங்கள். காலையில் செய்யுங்கள், மாலையில் வேண்டவே வேண்டாம். அந்தி நேரத்தில் புதுப் பொருளைக் கண்ட காக்டெயில் இரவில் மிரண்டு எழுந்து வலையில் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும்.

பயம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இறகு உடம்போடு ஒட்டிப்போய்ப் பறவை மெலிந்ததுபோல் தெரியும், கழுத்து நீளும், காக்டெயிலின் கொண்டை விறைக்கும், எல்லாம் எதிர்மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு ஓசையில்லாமல் இருக்கும். சத்தம் நின்றுபோன பட்ஜிக் கூண்டு நல்ல அறிகுறி அல்ல. பயம் தெளிந்தால் மறுபடி சளசளக்கும், இறகு கோதும், ஒற்றைக் காலில் நின்று அலகை அரைக்கும். கோதத் தொடங்கியதும் பீடரை ஒரு சாண் கிட்டே நகர்த்தலாம்.

வலையைத் தொடும் அளவு வந்த பிறகு உள்ளே மாட்டுங்கள். பறவைகள் உறங்கும் குச்சியைவிட உயரமாக மாட்டாதீர்கள். தலைக்கு மேல் தொங்கும் புதுப் பொருளைப் பருந்துக்கு அஞ்சுவதுபோல் அஞ்சும். கட்டுக்கம்பியால் மேலும் கீழும் இறுக்கிக் கட்டுங்கள். பறவை உட்காரும்போது அசைந்தால் எழுந்து போய்விடும், அன்றைக்குத் திரும்பி வராது.

7. பீடரின் வாயில் தினையைக் காட்டுங்கள்

கிண்ணம் பலகையில், பீடர் அதை ஒட்டி. இப்போது பீடரை நிரப்ப வேண்டாம். வாயில் உள்ள தட்டில் மட்டும் ஒரு கைப்பிடி தினையைக் குவித்து, கொஞ்சம் வெளியே சிந்தும்படி விடுங்கள். மூடி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். விதை கண்ணில் பட வேண்டும். பட்டால்தான் அது தீனி.

தினைக்கதிரோ கம்பங்கதிரோ கிடைத்தால், அதைப் பீடரின் விளிம்பில் நுனி உள்ளே தொங்கும்படி கட்டுங்கள். மானாவாரியில் கம்பு போடும் காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது எளிது. பூச்சிமருந்து அடிக்காத காடா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கதிரைக் கொத்த வரும் பறவை, கதிர் தீர்ந்ததும் தட்டிலிருக்கும் விதையைக் கொத்தும். அந்த ஒரு கொத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

முதலில் வருவது பெரும்பாலும் இளம் பறவையாக இருக்கும். ஒன்று தின்றால் போதும்; மற்றவை அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கூட்டமாக வாழும் பறவைகள் அடுத்ததைப் பார்த்துத்தான் துணியும். அந்த நேரத்தில் கூண்டுக்குள் நுழையாதீர்கள். “ஒன்று வந்துவிட்டது” என்று வீட்டாரைக் கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்கவும் வேண்டாம்.

8. பட்டினி போடாமல் பசியைப் பயன்படுத்துங்கள்

பறவை விடிந்ததும் அதிகமாகத் தின்னும். மறுபடி பொழுது சாயும் முன்பு. இரவு முழுதும் தின்னாத வயிறு காலையில் தானே கேட்கும். விடிந்ததும் பீடரில் தினை இருக்கட்டும், கிண்ணம் காலியாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணத்திலும் போடுங்கள்.

இந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பொழுது சாய்வதற்கு முன் கிண்ணம் கட்டாயம் நிரம்பியிருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு இரவைக் கடக்கும் சிறு பறவை, தை மாதக் குளிரில் விடியும்போது எழாமலே போகலாம்.

9. தின்கிறதா, தின்பதுபோல் நடிக்கிறதா

பீடரில் உட்கார்ந்திருக்கும் பறவை எல்லாம் தின்னும் பறவை அல்ல. விதையை எடுத்து, புரட்டிப் பார்த்து, கீழே போட்டுவிட்டுப் போவதும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

பீடருக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதில் விழுந்ததை உள்ளங்கையில் எடுத்து மெல்ல ஊதுங்கள். பறந்து போனால் உமி. பட்ஜியோ ஃபிஞ்சோ விதையைப் பிளந்து உள்ளீட்டைத் தின்றிருக்கிறது. பறக்காமல் கையிலேயே நின்றால் அது முழு விதை; வெறுமனே இறைத்திருக்கிறது.

உமி விழுந்தால் யாரோ தின்கிறார்கள் என்று தெரியும்; யார் என்று தெரியாது. அதற்குத்தான் நோட்டு. வளையத்தின் நிறத்தை எழுதி, ஒவ்வொரு பறவையும் பீடரில் உமி உரித்துத் தின்றதைக் கண்ணால் கண்ட பிறகு எதிரே குறியிடுங்கள். “எல்லாம் தின்கின்றன போலிருக்கிறது” என்பது கணக்கில் சேராது.

எச்சத்தையும் பாருங்கள். நன்றாகத் தின்னும் பறவையின் எச்சம் சுருள்போல, வெள்ளையும் பச்சையும் கலந்து இருக்கும். தின்னாத பறவையின் எச்சம் சிறுத்து, கரும்பச்சையாக நீர்த்துப்போகும். சந்தேகப்படும் பறவையை மாலையில் பிடித்துக் கழுத்தடியில் விரல் வையுங்கள். தீனிப்பையில் விதை நெருடினால் சரி. தட்டையாக இருந்தால் அன்று அது தின்னவில்லை. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்த பறவைக்கு இந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்தி, பழைய கிண்ணத்தை முழு நேரமும் வையுங்கள். அதன்பிறகும் மந்தமாக உப்பி உட்கார்ந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காரணம் பீடராக இல்லாமலும் இருக்கலாம்.

கடைசி வரை வராத ஒன்றிரண்டு எந்தக் கூட்டத்திலும் உண்டு. பெரும்பாலும் அடிபடும் பறவைகள் அவை. இரண்டாவது பீடரை அவை ஒதுங்கும் பக்கத்தில், முதல் பீடர் கண்ணில் படாத தூரத்தில் மாட்டுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், ஏற்கெனவே பழகிய சாதுவான ஒரு பறவையோடு சேர்த்துச் சிறு கூண்டில் விட்டு அங்கே பழக்குங்கள். தனியாக மட்டும் அடைக்காதீர்கள். பார்த்துக் கற்க ஆள் இல்லாத பறவை இன்னும் மிரளும்.

10. கிண்ணத்தை எடுப்பது

எல்லாக் குறியும் விழுந்த பிறகு, கிண்ணத்தில் போடும் அளவை நாளுக்கு நாள் குறையுங்கள். பீடரின் மூடியையும் இப்போது மாட்டலாம். மூடி மாட்டிய அன்று மட்டும் கிண்ணத்தில் பழைய அளவு இருக்கட்டும், ஏனென்றால் மூடியும் ஒரு புதுப் பொருள்தான். கடைசியில் காலிக் கிண்ணத்தைச் சில நாள் அப்படியே விட்டு, பறவைகள் அதை எட்டிப் பார்ப்பதை நிறுத்திய பிறகு எடுங்கள்.

புதுப் பீடருக்குப் புதுக் கலவை போடலாம் என்று இந்த வாரத்தில் ஆசை வரும். ஒரு மாதம் பொறுங்கள்.

11. பழகிய பிறகு வரும் ஆபத்துகள்

பீடர் நிரம்பியிருப்பதுபோல் தெரிந்து, பறவை பட்டினி கிடப்பதுதான் இவற்றில் மோசமானது. தட்டில் உமி சேர்ந்து வாயை அடைத்துவிடும். மேலே கண்ணாடி வழியாகப் பார்த்தால் தினை பாதிக்கு மேல் இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும் என்று வாங்கிய பீடர் இது என்பதால், மூன்று நாள் யாரும் கிட்டப் போய்ப் பார்க்க மாட்டார்கள். தினமும் காலையில் தட்டை ஊதி, விரலால் தட்டிப் புதுத் தினை இறங்குகிறதா என்று பாருங்கள். வெளியூர் போனால் பார்த்துக்கொள்பவருக்கும் இதைச் செய்து காட்டிவிட்டுப் போங்கள். சொன்னால் மட்டும் போதாது.

எறும்புக்குத் தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவை அதைக் கோதி விழுங்கும். கம்பியின் நடுவே தேங்காய்த் தொட்டியைக் கோத்து, துளையை மெழுகால் அடைத்துத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்; எறும்பு தாண்டாது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் பீடரைப் பாதிக்கு மேல் நிரப்புவதை நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை முழுக்கக் கவிழ்த்து, மூலையில் கட்டியாக ஒட்டியிருக்கும் தினையைச் சுரண்டி எறிந்துவிட்டு, கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பூசண வாடை லேசாக வந்தாலும் அந்தத் தீனி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். கழுவிய பீடர் காயும் வரை இரண்டாவது பீடர் இருக்கிறது. கிண்ணத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.